அழுத்தக் காலுறை படுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

கால் வீக்கத்துக்கும் சிரைக் கோளாறுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்ஸை, அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையை, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் மடித்து வைத்துவிட்டவர்கள் ஏராளம். கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: போடவே முடியவில்லை, இறுக்குகிறது, அரிக்கிறது, நடக்க நடக்க வழிந்து கணுக்காலில் வந்து விழுகிறது. புகார்கள்தான் பலவிதம். துருவிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் கோளாறு இருக்கும். அளவு சரியில்லை, போடும் விதம் சரியில்லை, அல்லது காலுறைக்கு வயதாகிவிட்டது. மூன்றையும் சரிசெய்துவிடலாம். "போகப் போகப் பழகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது முதல் சில நாள் புதுமைக்குப் பொருந்தும். தோலைப் புண்ணாக்கும் விளிம்புக்கு அது பொருந்தாது.

சில அறிகுறிகளில் மட்டும் கோளாறு காலிலேயே இருக்கும். அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

உடனே கவனிக்க வேண்டியவை

விரல் நுனி வெளுத்துப்போகிறது அல்லது நீலம் பாரிக்கிறது, பாதம் சில்லிட்டு மரத்துப்போகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பாதம் வலியில் துடிக்கிறது. காலுறையைக் கழற்றுங்கள். நிறமும் சூடும் உணர்வும் சில நிமிடங்களில் திரும்பாவிட்டால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். திரும்பிவிட்டாலும் டாக்டர் பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

காலுறை உதவி செய்வது சிரைகளுக்கு, அதாவது இரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் குழாய்களுக்கு. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் ஏற்கெனவே குறுகியிருந்தால், அதே அழுத்தம் பாதத்துக்கு வரும் கொஞ்ச இரத்தத்தையும் தடுத்துவிடும். இதற்காகத்தான் காலுறை எழுதிக் கொடுப்பதற்கு முன்பு கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்த விகிதம் 0.5-க்குக் கீழே இருந்தால் காலுறை அறவே கூடாது. 0.5-க்கும் 0.8-க்கும் நடுவில் இருந்தால் லேசான அழுத்தம் தரலாமா என்பதை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அளவை உங்களுக்கு யாருமே எடுக்கவில்லையென்றால், குறிப்பாகப் புகைபிடிப்பவராகவோ நடந்தால் கெண்டைக்காலில் வலி வந்து, நின்றால் அது விட்டுவிடுபவராகவோ இருந்தால், வாய்விட்டுக் கேளுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் இரட்டைச் சிக்கல். தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்பட்டிருந்தால் விகிதம் பொய்யாக உயர்ந்து, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். அதோடு பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காலுறை வெட்டுவது தெரியவே தெரியாது. அவர்கள் கண்ணை நம்ப வேண்டும், உணர்வை நம்பக் கூடாது. தினமும் கழற்றியதும் பாதத்தையும் குதிகாலையும் விரல் இடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், கெண்டைச் சதையில் வலி, தொட்டால் சூடு: ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், ஏனென்றால் உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இரண்டு காலும் சேர்ந்து வேகமாக வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். காலில் தேங்கிய நீரைக் காலுறை மேலே தள்ளும். தடுமாறிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அது கூடுதல் சுமை.

தோல் சிவந்து, சூடேறி, சிவப்பு பரவிக்கொண்டே போகிறது, காய்ச்சலும் அடிக்கிறது என்றால் அது தோலடித் தொற்று. காலுறையைக் கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பாதத்தின் மேற்புறம் மரத்து, முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடுகிறதா? முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் சிறிய எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் வளைந்து போகிறது. மேல் விளிம்பு அதை நசுக்கினால் இப்படி ஆகும். அரிதுதான். ஆனாலும் கழற்றிவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டிய விஷயம்.

இவற்றில் எதுவும் இல்லையா? அப்படியானால் வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

போடவே முடியவில்லை

இந்த ஒரு புகாரால்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேரத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். குளித்து, காபி குடித்து, நாலு வேலை பார்த்துவிட்டுப் போட உட்கார்ந்தால் கால் அதற்குள் பருத்திருக்கும். தாமதமாகிவிட்டால் இருபது முப்பது நிமிடம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்திப் படுத்துவிட்டுப் பிறகு போடுங்கள். காலைக் குளியல் விட முடியாதவர்கள் துவட்டியபின் தோல் முழுக்க உலரும்வரை பொறுக்க வேண்டும். ஈரத் தோலில் இந்தத் துணி அங்குலம்கூட நகராது. தோலில் தடவும் கிரீமை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறை. இதன் அருமை தெரியாமல் வெறும் விரலால் கிள்ளிக் கிள்ளி இழுப்பவர்கள் விரலையும் நோகடித்து, நகத்தால் இழையையும் அறுத்துவிடுகிறார்கள். கையுறை போட்டால் கிள்ளவே தேவையில்லை. உள்ளங்கையைத் துணிமேல் வைத்து மேல்நோக்கி வருடினாலே துணி கூடவே நகரும்.

இனி, போடும் விதம். சாய்வு உள்ள உறுதியான நாற்காலியில் உட்காருங்கள். கட்டிலின் மெத்தை விளிம்பு வேண்டாம், சறுக்கும். காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியை உள்ளிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற கையால் மேல்பகுதியை அதன்மேல் கீழ்நோக்கி இழுத்து, குதிகால்வரை உள்புறம் வெளியே வரும்படி புரட்டுங்கள். இப்போது பாதத்துக்கான பகுதி மட்டும் ஒரு சின்னப் பைபோல நிற்கும். அதில் விரல்களை நுழைத்து, பாதத்தின் மேலே இழுத்து, குதிகாலைத் தாண்ட வையுங்கள். கஷ்டமான திருப்பம் இது ஒன்றுதான். தாண்டியதும் நின்று பாருங்கள். குதிகாலுக்கான பின்னல் மற்ற இடத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். அது மிகச் சரியாகக் குதிகாலின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலம் மேலே ஏறியிருந்தால் அன்று முழுவதும் கணுக்காலின் முன்பக்கம் மடிப்பு விழுந்து அறுக்கும். சரியாக உட்கார்ந்தபின், புரட்டிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விரித்து, உள்ளங்கையால் நீவி ஏற்றுங்கள்.

மேல் விளிம்பைப் பிடித்து மொத்தமாக இழுக்கவே கூடாது. ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி பின்னப்பட்டது. 1950-களில் இதைப் பரவலாக்கிய கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற பொறியாளர் தாமே சிரை நோயாளி. நீச்சல் குளத்தில் நிற்கும்போது தம் காலுக்குச் சுகமாக இருப்பதைக் கவனித்து, ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டார். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் துணியெல்லாம் முழங்காலுக்குக் கீழே குவிந்து, அங்கே இறுக்கம் ஏறிவிடும். கணுக்காலைவிட மேலே இறுக்கம் கூடினால் இரத்தம் மேலே ஏறுவதற்குப் பதில் கீழேயே தேங்கும். வீக்கத்தைக் குறைக்கப் போட்ட உறையே வீக்கத்தை உண்டாக்கும்.

இத்தனை செய்தும் வரவில்லையா? விரல் திறந்த வகையாக இருந்தால், வழுக்கும் பட்டுத்துணி உறை ஒன்று கூடவே வரும். அதைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை ஏற்றி, பிறகு விரல் வழியாக உறையை உருவிவிடலாம். அது தொலைந்துபோனால் மெல்லிய பிளாஸ்டிக் பையும் அதே வேலையைச் செய்யும். குனிய முடியாதவர்களுக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டு அறுவை செய்தவர்களுக்கும், காலுறையை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கம்பிச் சட்டம் இருக்கிறது. காலை உள்ளே விட்டு அழுத்தினால் போதும். வாங்குவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பழகிப் பார்ப்பது உத்தமம். கைவிரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: கனமான ஒன்றுக்குப் பதிலாக லேசான இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. அழுத்தம் கிட்டத்தட்டக் கூடிவிடும், போடும் சிரமம் பாதியாகும். டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

எதுவுமே சரிவரவில்லையென்றால், ஒரு படி குறைந்த அழுத்தத்துக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தினமும் காலில் இருக்கும் லேசான காலுறை, அலமாரியில் தூங்கும் கனமானதைவிட எத்தனையோ மேல்.

மேல் விளிம்பு வெட்டுகிறது, பள்ளம் விழுகிறது

மாலையில் கழற்றும்போது லேசான கோடு தெரிவது சகஜம். விரலால் தடவினால் குழி தெரிகிறது, தோல் சிவந்து கன்றியிருக்கிறது, கொப்புளம் கிளம்புகிறது என்றால் சகஜம் இல்லை.

விளிம்பை மடித்துவிட்டிருக்கிறீர்களா? நீளம் அதிகமாக இருந்தால் எல்லோருடைய கையும் முதலில் போவது அங்கேதான். மடித்த இடத்தில் துணி இரண்டடுக்காகி, இறுக்கமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும். மடிப்பைப் பிரித்து, துணியைக் கணுக்கால்வரை இறக்கி, சமமாகப் பரப்பிக்கொண்டே மறுபடி ஏற்றுங்கள். முழங்கால்வரை வரும் வகையில் விளிம்பு, முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். சமமாகப் பரப்பியும் மிச்சம் இருந்தால் வாங்கிய நீளம் தவறு. ஒரே சுற்றளவில் குட்டை, நெட்டை என்று இரண்டு நீளங்கள் கிடைக்கும். கத்தரியால் வெட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள். இழை பிரிந்துகொண்டே போகும்.

நீளம் சரி, ஆனாலும் வெட்டுகிறது என்றால் கெண்டைச் சதையின் சுற்றளவில் தப்பு. அளவெடுத்த நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எடுத்த அளவுதான் அளவு. மாலையில் வீங்கிய காலை அளந்தால் கணுக்காலில் தொளதொளவென்றும், செருப்பு அளவை வைத்து உத்தேசமாக வாங்கினால் மேலே இறுக்கமாகவும் வந்து சேரும். கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டைச் சதையின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம் ஆகிய மூன்றும் இல்லாமல் முழங்கால் காலுறை வாங்கக் கூடாது. தொடைவரை என்றால் தொடைச் சுற்றளவும் வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மொத்தமாகவே இறுக்குகிறது, அல்லது முன்பைவிட இறுக்கமாக இருக்கிறது

புது ஜோடி வாங்கியபின் இப்படி இருந்தால் உறைமேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். "கிளாஸ் 2" என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜெர்மன் முறையில் அது கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பிரிட்டிஷ் முறையில் 18 முதல் 24 மட்டுமே. அமெரிக்கத் தயாரிப்புகளில் 15–20, 20–30, 30–40 என்று நேராகவே எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். பழைய பிராண்டிலிருந்து புதியதற்கு மாறும்போது கிளாஸை மட்டும் சொல்லி வாங்கினால் ஒரு படி ஏறிவிடவோ இறங்கிவிடவோ கூடும். சீட்டில் மில்லிமீட்டர் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கணுக்காலின் முன்பக்கமும் எலும்பு மேட்டிலும் வலி

முதலில் மடிப்பைத் தேடுங்கள். பாதமும் கீழ்க்காலும் சேரும் வளைவில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தாலும், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது அதே இடத்தில் தேய்க்கும். குதிகால் பகுதி ஏறி உட்கார்ந்ததுதான் வழக்கமான காரணம், இறக்கிச் சரிசெய்யுங்கள்.

மடிப்பே இல்லாமல் வலித்தால் உங்கள் காலின் வடிவம்தான் காரணம். துணியின் இழுவை ஒன்றாகவே இருந்தாலும், வளைவு எவ்வளவு கூராக இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் கூடும். லாப்லாஸ் விதி என்பார்கள். அதனால் ஒல்லியான கால்களில் முன்பக்க எலும்பின் கூரான விளிம்பு, குதிகாலுக்கு மேலே பின்புறம் ஓடும் தடித்த நாண், பாதத்தின் மேலே தெரியும் நரம்புபோன்ற தசைநாண்கள் ஆகியவை அதிகம் அடிபடும். கணுக்கால் மொட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலோ அழுத்தமே விழாது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: மெல்லிய பஞ்சு அல்லது ஃபோம் திண்டு வைத்து அந்த இடத்தின் வளைவை மாற்றுவது. எந்த இடத்தில், எவ்வளவு கனம் என்பதை அளவெடுப்பவரோ நர்ஸோ ஒருமுறை காட்டிக் கொடுக்கட்டும்.

வழிந்து வழிந்து விழுகிறது

நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. நல்ல காரணம்: வீக்கம் வடிந்து கால் இளைத்துவிட்டது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இது அடிக்கடி நடக்கும். மறுபடி அளவெடுத்துச் சிறியதாக வாங்க வேண்டும். கெட்ட காரணம்: காலுறை தளர்ந்துவிட்டது. தினமும் போட்டால் ஆறு மாதம்தான் அதன் ஆயுள். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், கிழிசல் இருக்காது, ஆனால் அழுத்தம் போயிருக்கும். "முன்பெல்லாம் போடக் கஷ்டமாக இருந்தது, இப்போது சுலபமாக ஏறுகிறது" என்று யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால் எனக்குக் கவலைதான் வரும்.

தொடைவரை வரும் வகையில் சிலிக்கோன் பட்டைதான் பிடிமானம். கிரீம், வேர்வை, உதிர்ந்த தோல் எல்லாம் அதில் படிந்தால் வழுக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பட்டையைத் துடைத்து உலரவிடுங்கள். தொடை கீழே ஒடுங்கி மேலே மிகவும் பருத்திருந்தால் எந்தப் பட்டையும் நிற்காது. இடுப்புவரை வரும் வகையோ, தோலில் தடவும் பசையோ தேவைப்படும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: தொடைவரை உங்களுக்குத் தேவைதானா? பலருக்கு முழங்கால்வரை வருவதே போதும். டாக்டரிடம் கேட்டால் சிலருக்கு இந்தத் தொல்லையே தீர்ந்துவிடும்.

அரிப்பும் தடிப்பும்

எங்கே அரிக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

சிலிக்கோன் பட்டை படும் இடத்தில் மட்டும், பட்டையின் அகலத்துக்குச் சரியாகச் சிவந்திருந்தால் பட்டையின் கீழ் வேர்வை தேங்கியிருக்கிறது அல்லது பட்டை ஒவ்வவில்லை. பட்டையைக் கழுவி உலர்த்தி, தினமும் ஓர் அங்குலம் ஏற்றி இறக்கிப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் தணியாவிட்டால் பட்டை இல்லாத வகைக்கு மாறுங்கள்.

கெண்டைக்கால் முழுவதும் பரவலாக, தோல் செதில் செதிலாக இருந்தால் வெறும் வறட்சி. இரவில் கழற்றியதும் வாசனை சேர்க்காத, யூரியா கலந்த கிரீமைத் தடவுங்கள். காலையில் போடும்முன் தடவினால் காலுறை வழுக்குவதோடு, எண்ணெய்ப்பசை மீள் இழைகளையும் கெடுத்துவிடும். சோப்புத்தூள் சரியாக அலசப்படாமல் தங்கினாலும் இப்படி அரிக்கும். இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

விரல் இடுக்கில் அரித்து, தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தால் படர்தாமரைக் கிருமி. அதற்கு மருந்து போட வேண்டும், காலுறையைத் திட்டிப் பயனில்லை. தினமும் விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துவது பாதி வைத்தியம்.

கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே தோல் பழுப்பேறி, சிவந்து, நீர் கசிந்து அரித்தால் அது சிரைக் கோளாறால் வரும் எக்ஸிமா. காலுறையை நிறுத்தினால் இது மோசமாகும். டாக்டர் தரும் களிம்போடு சேர்த்துக் காலுறையும் தொடர வேண்டும். சொறிந்து புண்ணாக்கிவிட்டால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

விரல்கள் வீங்குகின்றன

விரல் திறந்த வகை போடுபவர்களுக்குத்தான் இது பெரும்பாலும். முன் விளிம்பு விரல்களின் அடியில் இருக்க வேண்டும். போடும்போது பாதப் பகுதியைப் பின்னுக்கு அதிகம் இழுத்துவிட்டால் விளிம்பு நடுப்பாதத்துக்கு வந்து, அதற்கு முன்னால் உள்ள பகுதி பிதுங்கும். முன்னே இழுத்துவிடுங்கள். சரியாக இருந்தும் வீங்கினால் விரல் மூடிய வகைக்கு மாறிப் பாருங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இரண்டாவது விரலின் அடியில், மேற்புறத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளித் தூக்கப் பாருங்கள். தோல் கெட்டியாகி மடிப்பாகத் தூக்க முடியவில்லையென்றால் நிணநீர் வீக்கமாக இருக்கலாம். அதற்கு இந்தச் சாதாரண வட்டப் பின்னல் காலுறை போதாது. தட்டைப் பின்னலில், தையலோடு, உங்கள் அளவுக்கென்றே செய்யப்படும் கெட்டியான வகை வேண்டும். விரல்களுக்குத் தனி உறையும் உண்டு.

நாள் முழுக்கப் போட்டும் மாலையில் கால் வீங்கியே இருக்கிறது

நேரம் கழித்துப் போடுகிறீர்களா, காலுறை ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அடுத்த கேள்வி: நடக்கிறீர்களா? காலுறை தானாக இரத்தத்தை மேலே ஏற்றாது. கெண்டைச் சதை சுருங்கும்போது அதற்குப் பிடிமானம் தருகிறது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் இருந்தால் பாதி பலன் வீண். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாத இடத்தில் உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்நுனியையும் மாறி மாறித் தூக்கி இறக்குங்கள்.

மருந்துப் பட்டியலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கக்கூடியது. அப்படி இருந்தால் காலுறையின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்பது புத்திசாலித்தனம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அறுவை சிகிச்சையின்போது மருத்துவமனையில் போட்டுவிட்ட வெள்ளைக் காலுறையையே வீட்டில் தொடர்கிறீர்களென்றால் வீக்கம் வடியாததில் ஆச்சரியமில்லை. அது படுக்கையில் கிடப்பவர்களுக்கு இரத்தம் உறையாமலிருக்கத் தயாரானது. அழுத்தம் கணுக்காலில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர்தான். நடமாடுகிற சிரை நோயாளிக்கு அது போதாது. இதற்கு நேர்மாறாக, நடமாடுபவர்களுக்கான காலுறையை இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டாம், டாக்டர் குறிப்பாகச் சொன்னாலொழிய.

வெயில் காலத்தில் தாங்க முடியவில்லை

சிரைகள் விரிந்து வீக்கம் கூடுவது வெப்பத்தில்தான்; ஆகவே கழற்றிவிடத் தோன்றும் பருவத்தில்தான் காலுறை அதிகம் தேவை. போட்டிருக்கும்போதே மேலாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் ஆவியாகும்போது நன்றாகக் குளிரும். விரல் திறந்த, மெல்லிய இழை வகை கொஞ்சம் உதவும். வெயில் மாதங்களில் ஒரு படி குறைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

சீக்கிரமே தளர்கிறது, இழை அறுகிறது

துவைத்தால் கெட்டுப்போகும் என்று பயந்து வாரக்கணக்கில் துவைக்காமல் போடுபவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. உடல் எண்ணெயும் வேர்வையும்தான் மீள் இழைகளைக் கெடுக்கின்றன, துவைக்கும்போது இழைகள் பழைய நிலைக்குச் சுருங்கி மீள்கின்றன. எனவே இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டு, தினமும் அலசுவதே நல்லது. வெதுவெதுப்பான நீர், சாதாரண சோப்பு. துணியை மிருதுவாக்கும் திரவமும் பிளீச்சும் கூடவே கூடாது. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். நேர் வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் இதற்கு எதிரிகள்.

இழை அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காலிலேயே இருக்கும்: கூரான நகம், வெடித்த குதிகால். நகத்தை வெட்டித் தேய்த்துவிடுங்கள், வெடிப்புக்கு இரவில் களிம்பு போடுங்கள், போடும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உள்புறம் தொங்கும் நூலை வெட்டாதீர்கள். ஓட்டை விழுந்தால் தைத்துப் போடுவதும் வேண்டாம். தையல் முடிச்சு நாள் முழுக்கத் தோலை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கழற்ற வரவில்லை

சுருட்டாதீர்கள், சுருள் பாதியில் சிக்கி வளையமாக இறுக்கும். மேல் விளிம்பைப் பிடித்து உள்புறம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டே கணுக்கால்வரை இறக்குங்கள். அங்கே ரப்பர் கையுறையோடு இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு, குதிகாலுக்கு மேலே துணியை அகற்றிப் பிடித்துத் தள்ளினால் வந்துவிடும். தனியாக இருப்பவர்கள் இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளாமல், உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்துவிடலாம். படுக்கப் போவதற்குச் சற்று முன்பு கழற்றுவதால் கெடுதல் இல்லை, காலை நீட்டி உயர்த்தி வைத்துக்கொண்டால் சரி.

அடுத்த ஜோடிக்கு அளவு கொடுக்கப் போகும்போது பழையதையும் துவைத்துக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, குதிகால் பின்னல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே அனுபவமுள்ளவர் அளவில் தப்பா, போடுவதில் தப்பா என்று சொல்லிவிடுவார்.